சரக்குக்கு முன்னால் நோட்டீஸ்

சரக்கை இறக்கிய பிறகு நோட்டீஸ் அடிப்பதே நம் வழக்கம். சொந்தப் பெயரில் சாம்பார்ப் பொடி போடுவதென முதலாளி முடிவெடுப்பார். கவர் அச்சாகும், மல்லியும் மிளகாயும் மூட்டையாக வந்து இறங்கும். வாங்குகிறவருக்கு இதில் என்ன லாபம் என்பதைக் கடைசியில் அச்சகத்தில் நின்றுகொண்டு யோசிப்பார்.

அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. ஆம், நம் வியாபாரத்துக்குப் போட்டியாக வந்த அதே அமேசான்தான். எதிராளியின் நல்ல பழக்கத்தை எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை. பொருளைத் தயாரிக்கும் முன்பே, அது விற்பனைக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, பத்திரிகைச் செய்திக் குறிப்பு ஒன்றை ஒரு பக்க அளவில் எழுதுகிறார்கள். வாடிக்கையாளர் கேட்கக்கூடிய கேள்விகளும் பதில்களும் உடன் இருக்கும். கூட்டம் தொடங்கியதும் யாரும் பேசுவதில்லை. எல்லோரும் படித்து, ஓரத்தில் குறிப்பெழுதிய பிறகே விவாதம். நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தம் கருத்தைக் கடைசியில் சொல்வதையே வழக்கமாக வைத்திருந்தார். 2007-இல் வந்த கிண்டில் என்ற புத்தகம் படிக்கும் கருவி இந்த முறையில் உருவானதே.

இதே நிறுவனம் 2014-இல் ஃபயர் என்ற கைப்பேசியை வெளியிட்டது. அது விலை போகாமல் தேங்க, அதன் பொருட்டு 17 கோடி டாலர் நட்டம் எழுத வேண்டியதாயிற்று. காகிதத்தில் எழுதிவிட்டால் போதும் என்றிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படிக்கிறவர் 'இது வேண்டாம்' என்று சொல்லவும், அதை முதலாளி கேட்கவும் இடமிருக்க வேண்டும்.

நம் கடைகளில் அந்த இடம் இருக்கிறதா? 'எப்படி இருக்கு?' என்று முதலாளி கேட்டால், 'நல்லா இருக்குங்க' என்பதைத் தவிர வேறு பதில் வராது. ஆனால் ஐந்து ரூபாய் பாக்கெட் கேட்டு எத்தனை பேர் திரும்பிப் போகிறார்கள் என்பது எடை போடும் தம்பிக்குத்தான் தெரியும். எந்தத் தெருக் கடையில் பழைய பொடியே தீரவில்லை என்பது லைனுக்குப் போகிறவருக்குத் தெரியும். கவரில் உணவு உரிம எண்ணும் பேக் செய்த தேதியும் விட்டுப்போனதைக் கணக்குப்பிள்ளை கண்டுபிடித்துவிடுவார். கவர் அச்சாகும் முன் இவர்கள் சொன்னால் செலவு ஒரு தாள். பிறகு சொன்னால் குடோன் நிறையச் சரக்கு.

ஆகவே நோட்டீஸை முதலில் எழுதி, ஆளுக்கொரு நகல் கொடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே குறிக்கட்டும். பெயர் போட வேண்டியதில்லை. இளையவர் முதலில் பேசட்டும். எழுதப் படிக்கச் சிரமப்படும் ஊழியர் இருந்தால் வாசித்துக் காட்டலாம். முதலாளி வாசிக்க வேண்டாம், கணக்குப்பிள்ளை வாசிக்கட்டும்.