சுருதி சேராத அலை

ஊஞ்சலை ஒரு தடவை ஆட்டிவிட்டு நகர்ந்து நின்று பாருங்கள். போகும், வரும், வீச்சு வரவரக் குறையும், கடைசியில் நின்றுவிடும். மின்சாரமும் இப்படி ஊஞ்சலாடும் என்றால் நம்புவீர்களா?

மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கண்டென்ஸரைக் கம்பிச் சுருளோடு இணைத்தால், அது ஒரேயடியாக வழிந்து தீர்ந்துவிடுவதில்லை. சுருளுக்கு ஒரு பிடிவாதம்: ஓடத் தொடங்கிய மின்சாரத்தை லேசில் நிற்க விடாது. ஆகவே கண்டென்ஸர் காலியான பிறகும் ஓட்டம் தொடர்ந்து, எதிர்ப்பக்கம் நிரம்பி, மறுபடி திரும்புகிறது. வினாடிக்கு லட்சக்கணக்கான தடவைகூட! கம்பியின் தடை ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் சக்தியை உஷ்ணமாக்கி விழுங்குவதால் ஆட்டம் அடங்குகிறது. தடை மிக அதிகமானால் ஆட்டமே இராது. தேனுக்குள் தொங்கவிட்ட குண்டு மாதிரி மெல்ல வந்து நின்றுவிடும். 1853-ல் வில்லியம் தாம்ஸன் இதைக் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்.

ஆடினால் என்ன, அடங்கினால் என்ன என்கிறீர்களா? வீணைத் தந்தியை மீட்டினால் நாதம் நீண்டு ஒலிக்கும். இன்ன ஸ்வரம் என்று சொல்லிவிடலாம். தந்திமேல் துணியை அழுத்திக்கொண்டு மீட்டுங்கள்: 'டொக்'! சுருதி பிடிபடாது. ஆரம்ப காலத்துக் கம்பியில்லாத் தந்தி இந்த 'டொக்' ஜாதிதான். பொறி பறக்கவிட்டு, சட்டென்று அடங்கும் அலைகளை வரிசையாக அனுப்புவார்கள். சுருதி சுத்தமில்லாததால், ஒருவர் அனுப்புவது அடுத்தவர் கருவியிலும் புகுந்து இரையும்.

1912 ஏப்ரல் 14, இரவு சுமார் 11 மணி. டைட்டானிக் கப்பலின் தந்தி ஆபரேட்டர் ஜாக் பிலிப்ஸ், கரையிலிருந்த கேப் ரேஸ் நிலையத்தோடு மும்முரமாகச் செய்தி பரிமாறிக்கொண்டிருந்தார். பனிக்கட்டி சூழ்ந்து நின்ற கலிபோர்னியன் கப்பலிலிருந்து சிரில் இவான்ஸ் எச்சரிக்கை அனுப்பினார். பக்கத்துக் கப்பல் அல்லவா? சத்தம் காதைப் பிளந்தது. விலக்கிக் கேட்க வழியில்லை. சும்மா இருக்கும்படி பதில் போயிற்று. இவான்ஸ் சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, கருவியை நிறுத்திப் படுக்கப் போனார். 11-40க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அதன் அபயக்குரல் கலிபோர்னியனுக்கு எட்டவில்லை. சுமார் 1,500 பேர் மாண்டார்கள். அலையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. அந்தக் கப்பலில் முறை மாற்றி விழித்திருக்க இன்னோர் ஆபரேட்டர் இல்லையே!

பிற்பாடு வால்வுகள் வந்தன. ஊஞ்சல் அடங்குமுன் சமயம் பார்த்துத் தள்ளுவதுபோல, ஒவ்வொரு வீச்சிலும் இழந்த சக்தியை அவை ஈடுகட்டின. அலை அடங்கவில்லை; சுருதியும் சேர்ந்தது. 1927-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு பொறி அலைகளைப் படிப்படியாக ஒழிக்க ஏற்பாடு செய்தது.

ஆனாலும் மீடியம் வேவ் ரேடியோ பாடும்போது மின்னல் வெட்டட்டும், அல்லது விளக்கின் சுவிட்சைத் தட்டுங்கள். 'கரக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். எந்த ஸ்டேஷனில் முள் இருந்தாலும் அது கேட்கும்!