நோயாளர் வரலாறும் இணையவழிப் பாடமும்

யானைக்கால் நோயை முற்காலத்து மேனாட்டார் ‘கொச்சிக் கால்’ என வழங்கினர். மட்டாஞ்சேரி மக்கள் அந்நோயை நெடுங்காலமாக அறிவர். 2019ஆம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். படிப்பில் திறன்சார் பாடத்திட்டம் புகுத்தப்பட்டது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது வகுப்புகள் இணையவழிக்கு மாறின. நோயாளர் ஒருவரின் வரலாற்றைத் திரையில் வைத்து ஆராயும் முறை பயனுடையதே. ஆயினும் வீங்கிய காலின் படத்தோடு நின்றுவிடும் பாடம் குறையுடையது.

வீக்கம் சிறிதுமில்லாத பலரின் குருதியிலும் நுண்புழுக்கள் உண்டு. அவை பெரும்பாலும் இரவிலேயே வெளிப்படும். அவற்றைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவோ தேங்கிய சாக்கடையில் பெருகுகிறது. இவற்றை நேரில் கண்டறிந்தவர் களப்பணியாளர்களே. அவர்தம் குறிப்புகளை, நோயாளரின் பெயரையும் அடையாளத்தையும் நீக்கி, பாடத்தில் சேர்த்தல் வேண்டும். பாடம் முடிந்தபின் மாணவர் இரவுக் குருதிச் சோதனையிலும் உடனிருத்தல் வேண்டும். இவ்விரண்டிற்கும் பாடத்திட்டத்திலேயே நேரம் ஒதுக்குதல் ஆசிரியர்களின் கடமையாகும்.