பூகோளம் படித்தால் பயன் யாது?

மேல்நிலைத் தேர்வில் தேறிய மகன் புவியியல் பட்டப் படிப்பில் சேர விரும்புகின்றான் என்றால், நம் சமுதாயத்துப் பெற்றோர் பலர் முகம் சுளிக்கின்றனர். "மலைக்கும் ஆற்றுக்கும் பெயர் ஒப்பிக்கப் பல்கலைக் கழகம் எதற்கு?" என்பது அவர்தம் வினா. மருத்துவமும் பொறியியலும் கிட்டாதவனுக்கு வணிகவியல், அதுவும் கிட்டாதவனுக்கே பூகோளம் என்று வரிசையும் வகுத்து வைத்துள்ளனர். ஆரணியில் கேட்கும் இப்பேச்சு பிற ஊர்களிலும் உண்டு. இதனை நாம் மறுக்கின்றோம்.

முதலில் மார்க்கத்தையே எடுத்துக் கொள்வோம். தொழுகையின் நேரம் கதிரவனின் போக்கால் அறியப்படுவது. நோன்பும் பெருநாளும் பிறையால் அமைவன. நாம் நிற்கும் திசையோ கஃபாவை நோக்கியது. 'கிப்லா மேற்கே' என்று பொதுவாகச் சொல்லி விடுகின்றோம். ஆரணியிலிருந்து கஃபாவின் திசை நேர்மேற்கன்று. அதற்கு வடக்கே ஏறத்தாழ 19 பாகை விலகியது. இதனைக் கணித்துரைக்கும் கல்வி எது? பேரறிஞர் அல்பீரூனி 1025ஆம் ஆண்டில் நிறைவு செய்த நூலில் ஊர்களின் அட்ச, தீர்க்க ரேகைகளைக் கணக்கிட முனைந்ததன் நோக்கங்களுள் ஒன்று, கஸ்னி நகரின் கிப்லாவை நிர்ணயிப்பதேயாகும். 1154இல் அல் இத்ரீஸி, சிசிலி மன்னர் ரோஜருக்கு உலகப் படம் வரைந்தளித்தார். மீலாது மேடைகளில் இப்பெயர்களைச் சொல்லிப் பெருமிதம் கொள்கின்றோம். அவர்கள் வளர்த்த கல்வியை நம் பிள்ளை கற்க வந்தால் தடுக்கின்றோம். இது எந்த நியாயம்?

"இது துன்யாவின் கல்வி, ஆகிரத்துக்கு உதவாது" என்பாரும் உளர். பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைக் காணுமாறு திருமறையே பணித்திருக்க, பூமியைப் பற்றிய கல்வியைப் புறத்தே தள்ள இவர்களுக்கு அனுமதி அளித்தவர் யார்?

இனி ஆரணிப் பட்டுக்கு வருவோம். இங்குத் தறியேறும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்தினின்று வருகின்றது. ஜரிகை சூரத்தினின்று வருகின்றது. அங்கே முசுக்கொட்டைத் தோட்டத்தில் விளைச்சல் குன்றி நூல் விலை ஏறினால், இங்கே நெசவாளர் வீட்டில் உலை கொதிப்பதில்லை. ஜவ்வாது மலையில் பிறந்து ஊரைத் தொட்டோடும் கமண்டல நாகநதி, செய்யாற்றோடு கலந்து பாலாற்றைச் சேர்கின்றது. சாயத் தொட்டியின் கழிவு நீர் எங்கே போகின்றது, எவர் கிணற்றில் ஊறுகின்றது எனக் கணக்கிட்டுச் சொல்ல வல்லவர் நம்மில் எத்தனை பேர்?

கசப்பாயினும் ஒன்று சொல்லியாக வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத் தோல் தொழிலில் நம்மவர் பங்கு பெரிது. அத்தொழிலின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது குறித்து 1996ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கடுந்தீர்ப்பு வழங்கிற்று. ஓடும் ஆற்றங்கரையிலும் ஒளுவுக்கு நீரை விரயம் செய்யாதீர் எனக் கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு, ஆற்றைப் பற்றி நீதிமன்றம் பாடம் சொல்ல நேர்ந்தது! தோலின் தரம் அறிந்தோம். நீரின் வழி அறியவில்லை.

வக்ஃபு நிலங்களின் நிலையும் இதுவே. 2025ஆம் ஆண்டு ஜூனில் ஒன்றிய அரசு 'உமீத்' இணையதளத்தைத் திறந்து, வக்ஃபுச் சொத்துக்களின் விவரங்களைப் பதியுமாறு பணித்தது. அச்சட்டத்தின் நன்மை தீமை வேறு வாதம். பள்ளிவாசலின் நிலம் எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றதென்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டத் தெரியாத ஜமாஅத், எந்தச் சட்டத்தின் கீழும் அந்நிலத்தைக் காத்துக் கொள்ளாது.

"வேலை கிடைக்குமா?" என்பர். பட்டம் பெற்றதும் வேலை வீடு தேடி வரும் என நாம் சொல்லவில்லை. பொறியியல் பட்டத்துக்கும் அவ்வாறு வருவதில்லை. ஆயினும் செயற்கைக் கோள் படங்களைப் படித்தறிதல், நில அளவை, நீர்வள ஆய்வு, நகரமைப்பு, ஆசிரியப் பணி ஆகிய வாயில்கள் இக்கல்விக்குத் திறந்துள்ளன. இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் புவியியல் விருப்பப் பாடமாகவும் உண்டு. அலிகர் முஸ்லிம் பல்கலைக் கழகம் 1924இலேயே இதற்கெனத் துறை கண்டது. சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக் கழகத்திலும் இத்துறை உண்டு.

ஆகவே, ஜமாஅத்துப் பெரியோர்களே! கல்வி உதவிக்கென நீங்கள் ஒதுக்கும் தொகையில், புவியியல் பயிலும் ஒரு மாணவனுக்கும் ஒரு மாணவிக்கும் ஆண்டுதோறும் பங்கு வையுங்கள். பெற்றோர்களே! விரும்பிக் கேட்கும் பிள்ளையை ஏளனம் செய்யாதீர்கள். அல்லாஹ் நம்மைப் பூமியில் கலீஃபாவாக ஆக்கினான். பொறுப்பாக ஒப்படைக்கப்பட்ட சொத்தின் எல்லையையும் இயல்பையும் அறியாதவன், அதற்குக் கணக்குக் கொடுப்பது எங்ஙனம்?