சிவப்பு மைக்



சபை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஒரு பெட்டி கிடைத்ததே, சிங்ஸ்டார்! பிளேஸ்டேஷன் 2இல் போட்டுப் பாடுகிற விளையாட்டு. நீலம், சிவப்பு என்று இரண்டு மைக். முதலில் வந்தது 2004இல், உங்களில் பலர் பிறக்க முன்பு. "பழசுதானே அக்கா, நல்ல விலை போகும்" என்று முகாம் செலவுக்குக் கணக்கே போட்டுவிட்டீர்கள். ஒருவர் ரொக்ஹெய்ம் அருங்காட்சியகத்துக்கே கொடுக்கலாம் என்றார்!

ஃபின்னில் தேடிப் பார்த்தோம். பழசு என்பதற்காக மட்டும் விலை ஏறாது. கிடைக்க அரிதாகவும் இருக்கவேண்டும். இதுவோ ஐரோப்பா முழுதும் அள்ளி விற்ற சாமான். சேகரிப்பவர்கள் தேடுவது, 2007இன் பொலிவூட் பதிப்புப் போல ஒரு மொழிக்காரருக்கென்று வந்தவற்றை. அதிலும் உறை, கையேடு, மைக், யுஎஸ்பி இணைப்பு எல்லாம் சேர்ந்திருக்கவேண்டும். கேட்கிற விலை வேறு, விற்கிற விலை வேறு என்பதையும் அன்றுதான் கண்டோம்.

எங்கள் சிவப்பு மைக் வேலை செய்யவில்லை. "வாங்கினவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று ஒரு குரல் வந்தது. வார்டில் கடமை மாறும்போது நோயாளியின் குறையை மறைத்துவிட்டு வீட்டுக்குப் போகமுடியுமா? விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதினோம், விலையையும் குறைத்தோம்.

மூன்றாம் நாள் ஒரு அம்மா பனிக்குள் வந்து வாங்கிப்போனார். தன்னிடம் சிவப்பு மைக் ஒன்று சும்மா கிடக்கிறதாம்!

முகாமுக்கு இன்னும் காசு போதாது. வரும் ஞாயிறு ஆராதனை முடிய றோல்ஸ் விற்போம். உருட்டுவதற்குச் சனிக்கிழமையே வாருங்கள்.