பிரேக்குக்கும் ஒரு பிரேக்!

'டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம்' என்று பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிறோம். அம்புக்குறி போட்டு மார்க்கும் வாங்கிடுறோம். ஆனால் எவ்வளவு புரதம், எப்போ நிறுத்தணும் என்று யாராவது கேட்கிறோமா? என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான கேள்வி.

நிறுத்துகிற வேலையைச் செய்வது மைக்ரோ ஆர்.என்.ஏ. நீளம் சுமார் 22 எழுத்துதான். தூது ஆர்.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாவதைத் தடுத்துவிடும். 1993-இல் விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 1 மில்லிமீட்டர் புழுவில் இதைக் காட்டியபோது, 'புழு சமாச்சாரம்' என்று பலர் விட்டுவிட்டார்களாம். 2000-இல் லெட்-7 என்ற இன்னொன்று மனிதனிடமும் இருப்பது தெரிந்தது. 2024-இல் அந்த இருவருக்கும் நோபல் பரிசு!

சரி, இந்த பிரேக்கை யார் கட்டுப்படுத்துவது? இங்கேதான் சுவாரசியமே. செல் முதலில் ஒரு நீள இழையைத்தான் செய்கிறது. உட்கருவுக்குள் ட்ரோஷா என்ற நொதி அதைக் கொண்டை ஊசி மாதிரி வளைந்த சின்னத் துண்டாக வெட்டும். வெளியே வந்ததும் டைசர் இன்னொரு தடவை வெட்டும். நடுவில் எங்கே வேண்டுமானாலும் செல் கை வைக்கலாம். கருவின் ஸ்டெம் செல்களில் லெட்-7-க்கான நீள இழை தயாராகிறது. முழுசான லெட்-7 மட்டும் வருவதில்லை! லின்-28 என்ற புரதம் கொண்டை ஊசியைப் பிடித்துக்கொள்ளும். வேறொரு நொதி அதன் நுனியில் 'யு' எழுத்துகளை வால் மாதிரி ஒட்டும். வால் முளைத்ததை டைசர் தொடாது, நேரே குப்பைக்குத்தான்.

"செஞ்சதை எதுக்குடா அழிக்கணும்? வீண் செலவுதானே?" என்று என் பெஞ்ச் நண்பன் கேட்டான். நான் ஒத்துக்கவே மாட்டேன். இழை தயாராக இருப்பதால், லின்-28 குறைந்ததும் லெட்-7 உடனே வந்துவிடலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். வந்த லெட்-7, லின்-28-ஐயே அடக்கும். செல் பழைய நிலைக்கு நழுவாமல் முதிரும்.

சில புற்றுநோய்களில் லின்-28 மறுபடி தலைதூக்குகிறது. லெட்-7 குறைகிறது. அது அடக்கி வைத்திருந்த ராஸ் போன்ற வளர்ச்சிப் புரதங்கள் கூடிவிடுகின்றன. இதில் லெட்-7 ஜீன் பழுதாகியிருக்கணும் என்றே இல்லை, தயாரிப்பு பாதியில் நின்றாலே போதும். ஜீனை மட்டும் பார்ப்பவருக்கு 'எல்லாம் சரி' என்றுதான் தோன்றும்!

இனிமேல் அம்புக்குறிப் படம் போடும்போது பக்கத்தில் ஒரு கொண்டை ஊசியும் இரண்டு கத்தரிக்கோலும் வரையப் போகிறேன். அதற்கு மார்க் கிடையாதுதான், பரவாயில்லை.