பாம்பிலும் நாலு ஜாதியா?

மனிதனை நாலு ஜாதியாக வெட்டிப் பிரித்த வைதிகம் பாம்பையும் விட்டு வைக்கவில்லை. வைத்திய நூல் என்று போற்றப்படும் சுஸ்ருத சம்ஹிதையே, நிறத்தைப் பார்த்து, பாம்புகளைப் பிராமணர், க்ஷத்திரியர், வைசியர், சூத்திரர் என்று பாகுபடுத்துகிறது. தோழர்களே! பாம்புக்குப் பூணூல் மாட்டியவர் யார்? கடிபட்டவனுக்கு இந்தப் பிரிவினையால் காலணா பிரயோஜனமுண்டா?

இனி, ஆராய்ச்சிக்காரர் பிரித்த விதத்தைப் பாருங்கள். 1836-ல் கேண்டர் என்பவர் இராஜநாகத்துக்குச் சாஸ்திரப் பெயரிட்டார். அதுமுதல், இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகள் வரை உள்ளதெல்லாம் ஒரே இனமென்றே கருதி வந்தார்கள். கௌரி சங்கர் முதலானோர் அதில் சந்தேகங்கொண்டு, அப்பாம்புகளின் மரபணுவை, அதாவது தாய் தகப்பனிடமிருந்து சந்ததிக்கு இறங்கும் பரம்பரைக் குறிப்பை, எடுத்து ஒப்பிட்டார்கள். 2021-ல் நாலு தனிக் கிளைகள் தெரிந்தன. பிறகு உடற்பட்டைகளையும் பற்களையும் எண்ணிப் பார்த்து, 2024-ல் நாலு இனங்கள் என்று வெளியிட்டார்கள். ஒன்று வட இந்தியா முதல் இந்தோசீனா வரை. ஒன்று மலேயா, சுமத்ரா, போர்னியோ பக்கம். ஒன்று லூசான் தீவில். மற்றொன்று நமது புளியங்குடிக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடரில் மட்டும். அதற்குக் கன்னட மக்கள் வழங்கும் ‘காளிங்க’ என்ற பெயரையே சூட்டினார்கள்.

இங்கும் நாலுதான். ஆனால் எது முகத்தில் பிறந்தது, எது காலில் பிறந்தது என்று எவரும் சொல்லவில்லை. 188 வருஷ எண்ணத்தைச் சாட்சி கண்டதும் மாற்றினார்கள். ‘அபசாரம்’ என்று எவரும் கூச்சலிடவில்லை.

‘இதனால் நமக்கென்ன?’ என்று எலுமிச்சைத் தோட்டத்தில் பாடுபடும் தோழர் கேட்கலாம். 2000 முதல் 2019 வரை இந்நாட்டில் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக் கடியால் மாண்டதாக ஆராய்ச்சிக் கணக்குக் கூறுகிறது. இங்கே செய்யப்படும் விஷமுறிவு மருந்தோ நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டே தயாராகிறது. அதே 2021-ல் தென்னிந்தியாவில் புதிய கட்டுவிரியன் இனம் ஒன்றையும் மரபணுவால் கண்டுபிடித்தார்கள். பார்வைக்குச் சாதாரணக் கட்டுவிரியன், விஷமோ வேறு. எந்தப் பாம்பு, எந்த ஊரில் என்று தெரியாமல் சரியான மருந்து செய்வதெப்படி?

அம்மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பவர் யார் தெரியுமா? வடநெம்மேலியில் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் கண்ட இருளர்கள். வர்ணாசிரமம் இடமே கொடுக்காத மக்கள்! அவர்கள் பிடித்த பாம்பின் விஷத்தால் ஆன மருந்தைப் போட்டுக்கொள்ளும்போது எந்தச் சனாதனியும் தீட்டுப் பார்ப்பதில்லை.

ஆகவே தோழர்களே, பாம்பு கடித்தால் மந்திரவாதியைத் தேடாதீர்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள், பாம்பைப் பிடிக்க ஓடாதீர்கள். கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். புற்றுக்கு ஊற்றும் பாலைப் பிள்ளைக்குக் கொடுங்கள். நாகதோஷம் கழிக்கிறேன் என்று காசு கேட்பவனிடம், ‘எந்த இனத்து நாகம், ஐயா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.