ஜப்பானிய ஆறுதலும் நாஞ்சில் நாட்டுப் படிப்புரையும்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த குறிப்பைப் படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. கொரே-எடாவின் படத்தைப் பார்த்த பரவசத்தில் எழுதியிருக்கிறார். தனித்து விடப்பட்டவர்கள் ஒரு கூரையின் கீழ் வந்து சேருகிறார்கள், ரத்த சம்பந்தம் இல்லாமலே குடும்பமாகிறார்கள், ஒருவர் காயத்தை ஒருவர் ஆற்றுகிறார்கள்; இந்தக் கருணை ஏன் தமிழில் இல்லை, குறிப்பாக நாஞ்சில் நாட்டுக்காரர்கள் ஏன் குடும்பத்தின் அழுக்கையே கிளறிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்கிறார். அவர் மீது எனக்குள்ள மரியாதை குறையவில்லை. ஆனால் அவர் பார்த்த படம் எது என்பதுதான் விளங்கவில்லை.

‘மன்பிகி கசோக்கு’, கடைத்திருட்டுக் குடும்பம். 2018ல் கான் விழாவில் தங்கப்பனை பெற்ற படம். அதில் தகப்பன் ஸ்தானத்தில் இருப்பவன் பையனுக்குக் கற்றுக்கொடுப்பது கடையில் திருடுவதை. தன்னிடம் கற்றுக்கொடுக்க வேறு எதுவும் இருக்கவில்லை என்று பின்னால் அவனே ஒப்புக்கொள்கிறான். கிழவி செத்ததும் வீட்டுத் தரையைத் தோண்டிப் புதைக்கிறார்கள். அடக்கம் செய்யக் காசில்லை. அவள் பென்ஷன் தொடர்ந்து வரவும் வேண்டும். அதே கைகள்தாம் அவளுக்குச் சோறும் பரிமாறியவை. கடைசியில் போலீஸ் வருகிறது, கூட்டம் சிதறுகிறது. அடிபட்ட தழும்போடு வந்து சேர்ந்த சிறுமி, அடித்தவர்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பப்படுகிறாள். பால்கனியில் நின்று வெளியே பார்க்கிறாள், படம் முடிகிறது. காயம் ஆறியது எந்த ரீலில்?

ஜப்பானியர்களே இந்த ஆறுதலை ‘இயாஷி’ என்று பெயரிட்டு விற்கிறார்கள். புத்தகம், நாடகத் தொடர், பூனை, வெந்நீர் ஊற்று எல்லாவற்றிலும் அந்த முத்திரை உண்டு. அதே தேசத்தில்தான் பூட்டிய அறைக்குள் ஒருவர் தனியே செத்து நாட்கணக்கில் கிடப்பதற்கும் ‘கொடோகுஷி’ என்று ஒரு சொல் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் தனிமைக்கென்றே ஒரு மந்திரியை நியமித்தார்கள். கொரே-எடாவைப் போன்ற கலைஞன் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் நின்று வேலை செய்கிறான். நண்பர் முதல் சொல்லை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்.

இனி நம் ஊர். ரத்தம் வேறு, குடும்பம் வேறு என்பதை ஜப்பான்காரன் வந்தா நாஞ்சில் நாட்டுக்குச் சொல்ல வேண்டும்? 1926ல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவரும் வரை இங்கே சொத்துக்கு வாரிசு மகன் இல்லை, மருமகன், சகோதரி பிள்ளை. நாற்பது வருஷம் ஒரே பாயில் படுத்த மனைவியும் அவள் பெற்ற மக்களும், காரணவர் கண்ணை மூடினால், உகந்துடைமை என்று ஏதோ கையில் விழுந்ததை வாங்கிக்கொண்டு படியிறங்க வேண்டும். கவிமணி இதைத்தான் மருமக்கள்வழி மான்மியத்தில் ஒரு மனைவியின் வாயால் சொல்லவைத்தார். அவள் அந்த வீட்டில் ஐந்தாவது மனைவி. அதைப் படித்துச் சிரிக்கிறோம். நான் சிரித்ததை விடப் பயந்தது அதிகம். ஒரு கூரையின் கீழ் எத்தனை பேர் அடைந்து கிடந்தாலும் ஒவ்வொருவரும் தனி என்பதை அது அத்தனை வேடிக்கையாகச் சொல்கிறது. தனிமை ஒரு நோய் அல்ல. அது ஓர் ஏற்பாடு. யாரோ ஒருவருக்கு அதில் ஆதாயம் உண்டு. பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் யாருக்கு என்பதும் தெரியும்.

சட்டம் வந்தது, மருமகன் போனான், மருமகள் வந்தாள். அழகியபாண்டியபுரத்துக் கிருஷ்ணன் நம்பி ‘மருமகள் வாக்கு’ என்று ஒரு கதை எழுதினார். ஓட்டுச் சாவடி வரை போன பின்னும் அவள் வாக்கு அவளுடையது இல்லை. இதில் கருணை இல்லை என்று நண்பர் சொல்வாரானால், கருணை என்பது தைலம் தடவுவது என்று அவர் எண்ணியிருப்பதால்தான்.

என் பெரியம்மையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் இல்லை. பெரியப்பா போனபின் பன்னிரண்டு வருஷம் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் பழைய வீட்டில் தனியாக இருந்தாள். தனியாக என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். உண்மையில் ஒருத்தி கூட இருந்தாள். முற்றம் தூக்க வந்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். முதலில் பகல் மட்டும், பிறகு ராத்திரியும். அவள் ஜாதியை எழுதமாட்டேன், வாசகர் ஊகிக்கலாம். முதல் இரண்டு வருஷம் அவளுக்குப் படுக்கை படிப்புரையில். பெரியம்மை குளிமுறியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவள் உள்ளே வந்தாள், அடுக்களை வரைக்கும். அதற்கு ஓர் எலும்பு முறிய வேண்டியிருந்தது. சாயங்காலங்களில் இரண்டு பேரும் ஒரே வெற்றிலைச் செல்லத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, பேசாமல் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். ஒருமுறை நான் கிளம்பும்போது பெரியம்மை சொன்னாள்: “எல்லாவனும் வந்துட்டுப் போறவன்தான். வெள்ளம் கோரித் தாறதுக்கு இவதாம்லே உண்டு.”

நண்பரின் படம் இதோடு முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை.

பெரியம்மை செத்த அன்று சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆள் வந்தது. நீர்மாலை எடுத்தார்கள். பெண்கள் வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். ஆறு வருஷம் அந்த வாயில் கஞ்சி ஊற்றியவள் கிணற்றடியில் நின்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. நான் கூப்பிட்டிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன். சித்தப்பாமார் முகத்தைப் பார்த்தேன், பேசாமல் இருந்துவிட்டேன். முப்பது வருஷமாகப் புதுக்கவிதையும் விமரிசனமும் எழுதி நான் சம்பாதித்த பிரக்ஞை அந்தக் கிணற்றடி வரைக்கும்கூட நடந்து போகவில்லை.

ஓசுவின் ‘டோக்கியோ கதை’யில் (1953) பெற்ற பிள்ளைகளுக்கு நேரமில்லை. போரில் மாண்ட மகனின் மனைவி நொரிகோதான் வந்தவர்களைத் தன் சின்ன அறையில் வைத்து உபசரிக்கிறாள். கிழவி இறந்ததும் மாமனார் அவள் கடிகாரத்தை நொரிகோவுக்குக் கொடுக்கிறார். நான் அத்தனை நல்லவள் இல்லை என்று அழுகிறாள் அவள். அந்த அழுகைதான் படத்தை மருந்துக் கடையிலிருந்து காப்பாற்றுகிறது. அதன் பிறகும் கிழவர் வீட்டில் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பதினாறு அடியந்திரம் கழிந்த மறுநாள் எங்கள் வீட்டிலும் ஒருத்தி கேட்டாள். பணம் கேட்கவில்லை; அந்த வெற்றிலைச் செல்லத்தைக் கேட்டாள். பாகம் பிரித்த பிறகு பார்க்கலாம் என்றார் மூத்த சித்தப்பா. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். ரத்தத்தை விடப் பெரியது குடும்பம் என்று கட்டுரை எழுதுவது எளிது. ஒரு பித்தளைச் சாமானைத் தூக்கி வேற்று ஜாதிக்காரி ஒருத்தி கையில் கொடுப்பது, அதுவும் சித்தப்பாமார் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எளிதல்ல. இந்த இரண்டாவது காரியத்தைப் பற்றி எழுதுகிறவனை அழுக்கைக் கிளறுகிறவன் என்கிறார் நண்பர்.

பாகப் பிரிவினையில் செல்லம் என் பங்குக்கு வந்தது. ஆறு மாதமாகப் புத்தக அலமாரியில் இருக்கிறது. பாக்குவெட்டியில் இன்னும் கறை போகவில்லை. அவள் இப்போது ஆரல்வாய்மொழிப் பக்கம் தங்கையோடு இருப்பதாகக் கேள்வி. பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம் ஆகாது.